எந்தப் பல், எந்த வயதில்?



முதிர்ந்த மனிதனின் வாயில் 32 பற்கள் உள்ளன. அவை யாவும் ஒரே உணவைச் சுவைக்கின்றன. ஒரே உமிழ்நீரில் நனைகின்றன. ஒரே கையால் துலக்கப்படுகின்றன. அவ்வாறிருந்தும் ஒரு பல் சொத்தையாகிக் குழிவிழ, அதற்கு நான்கு பற்கள் தள்ளி நிற்கும் மற்றொரு பல் எழுபது வயதிலும் பழுதின்றி இருப்பதைக் காண்கிறோம். இது தற்செயலா? அன்று. சொத்தை பற்களைத் தாக்குவதில் ஓர் ஒழுங்கு உண்டு. வாயில் இன்ன இடத்தில், வாழ்வில் இன்ன பருவத்தில் என்று அது ஏறத்தாழ வரையறுத்துக்கொண்டே வருகிறது. அந்த ஒழுங்கை அறிந்தவர், அது வரும் வழியில் முன்கூட்டியே காவல் வைக்கலாம். ஆதலின் அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முதற்கண், சொத்தை என்பது யாது? பல்லுக்குள் ஒரு புழு புகுந்து அரிக்கிறது என்று பண்டைய பாபிலோனியர் முதல் நம் பாட்டிமார் வரை பலரும் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு முடிவு கட்டியவர்களுள் தலையாயவர் வில்லோபி மில்லர் என்னும் அமெரிக்கர். பெர்லின் நகரில் ஆய்வு நடத்திய அவர், 1890-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தெளிவான விளக்கம் ஒன்றைத் தந்தார். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் நாம் உண்ணும் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் புளிக்கச் செய்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கிறது என்பதே அது. 1954-இல் அமெரிக்க அறிஞர் சிலர், பிறந்தது முதல் கிருமியே அண்டாமல் வளர்த்த எலிகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவைக் கொடுத்துப் பார்த்தனர். அவற்றின் பற்களில் சொத்தை விழவில்லை. சர்க்கரை மட்டும் போதாது, கிருமியும் வேண்டும் என்பது அதனால் உறுதியாயிற்று.

பல்லின் மேலுறையாகிய எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளால் ஆனது. எனினும் அமிலத்தின் முன் அந்த வன்மை நில்லாது. வாயின் அமிலநிலை பி.எச். அளவில் ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். சர்க்கரை வாயில் பட்ட சில நிமிடங்களில் இந்த இறக்கம் நிகழ்கிறது; பழைய நிலைக்கு மீள அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகிறது. 1940-களில் ராபர்ட் ஸ்டீபன் என்பார் இதனை அளந்து கோடிட்டுக் காட்டினார். மீட்பவர் யார்? உமிழ்நீர். அது அமிலத்தை நீர்க்கச் செய்கிறது, அதன் கூர்மையைத் தணிக்கிறது, கரைந்துபோன தாதுவைச் சிறிது சிறிதாகப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. ஆகவே நம் வாயில் நாள்தோறும் ஒரு வரவு செலவுக் கணக்கு நடந்துகொண்டே இருக்கிறது. செலவு மிகுந்து வரவு குறைந்த இடத்தில்தான் குழி விழுகிறது.

இந்தக் கணக்கை மனத்தில் கொண்டால், வாயின் எந்தப் பகுதிக்கு ஆபத்து மிகுதி என்பதை நாமே ஊகிக்கலாம். எங்கே உணவும் கிருமியும் தங்குமோ, எங்கே உமிழ்நீரும் துலக்கும் குச்சியும் எட்டாவோ, அங்கேதான் சொத்தை.

முதல் இடம் கடைவாய்ப்பற்களின் மெல்லும் பரப்பு. கண்ணாடியில் பாருங்கள்: அப்பரப்பு சமதளமாக இல்லை, மேடும் பள்ளமுமாக, இடையிடையே நுண்ணிய வெடிப்புகளோடு இருக்கும். அந்த வெடிப்புகளிற் பல, பல்துலக்கியின் ஒற்றை மயிரைவிடக் குறுகியவை. எவ்வளவுதான் முயன்று துலக்கினாலும் அவற்றின் அடியை எட்ட இயலாது. இரண்டாம் இடம், பல்லும் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கவாட்டுப் பகுதி. அங்கே உண்டாகும் சொத்தை கண்ணுக்குத் தெரியாமல் நெடுநாள் வளரும். மூன்றாம் இடம், பல் ஈறோடு சேரும் கழுத்துப் பகுதி.

இதற்கு நேர்மாறாக, கீழ்வரிசை முன்பற்களைப் பாருங்கள். வாயிலேயே மிகக் குறைவாகச் சொத்தை விழுவது அவற்றில்தான். காரணம் என்ன? நாக்கின் அடியில், அப்பற்களுக்குச் சற்றுப் பின்னே, கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் திறக்கின்றன. ஊற்றுக்கண்ணின் அருகே உள்ள வயல்போல அப்பற்கள் ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கின்றன. நாக்கும் அவற்றை இடைவிடாது தடவிக்கொடுக்கிறது. சுண்ணச் சத்து நிறைந்த உமிழ்நீர் பாய்வதால் அதே பற்களின் உட்புறத்தில் பற்காறை மட்டும் மிகுதியாகப் படியும். ஒரே நீர் ஒரு தீங்கைத் தடுத்து, மற்றொரு தொல்லையைத் தருகிறது! மேல்வரிசை முன்பற்களுக்கு அந்த ஊற்றின் அண்மை இல்லை. ஆதலால் அவற்றில் கீழ்ப்பற்களைவிடச் சொத்தை மிகுதி.

மேலும் ஒரு செய்தி. சொத்தை பெரும்பாலும் இருபுறமும் ஒத்து வருவது. வலக் கடைவாயில் ஒரு பல் பழுதுற்றால், இடப்புறத்தில் அதன் இணைப்பல்லையும் ஐயத்தோடு நோக்க வேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் முளைத்தவை, ஒரே வடிவுடையவை, ஒரே சூழலில் வாழ்பவை அல்லவா?

இனி, வயதை நோக்குவோம்.

குழந்தைக்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் முதற்பல் தோன்றுகிறது. மூன்று வயதுக்குள் 20 பாற்பற்களும் வந்துவிடுகின்றன. பாற்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலில் ஏறத்தாழ அரைப்பங்கு தடிப்பே உடையது. இனிப்பிட்ட பாலைப் புட்டியில் ஊற்றி, அதனை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும். பால் மேல்வரிசை முன்பற்களைச் சூழ்ந்து தேங்கும். கீழ்வரிசை முன்பற்களையோ நாக்கு மூடிக் காக்கிறது. ஆகவே இரண்டு வயதுக் குழந்தையின் மேல்முன்பற்கள் கறுத்துக் கரைந்திருக்க, கீழ்முன்பற்கள் நன்றாக இருந்தால், பல் மருத்துவர் ஒருவரையும் வினவாமலே இரவில் நடந்ததை அறிந்துகொள்வார். ‘விழப்போகிற பல்தானே’ என்று இதனைப் புறக்கணித்தல் தகாது. பாற்பல்லின் வலியும் வலியே. மேலும், அது காலத்துக்கு முன் விழுந்தால் பின்னால் வரும் பல்லுக்கு உரிய இடமும் குலைந்துபோகும்.

ஆறாம் வயது வருகிறது. இந்தப் பேச்சில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாயின், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வயதை ஒட்டி, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, சத்தமின்றி ஒரு பெரிய பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு, ஆக நான்கு. இவையே முதல் நிலைக் கடைவாய்ப்பற்கள். வாயின் நடுக்கோட்டிலிருந்து எண்ணினால் இது ஆறாவது பல்; வருவதும் ஆறாவது வயதில். எண்ணுவதற்கு எளிது; மறப்பதற்கு அரிது.

எந்தப் பல்லும் விழாமல் இது முளைப்பதால், பெற்றோர் பலர் இதனையும் பாற்பல் என்றே எண்ணிவிடுகின்றனர். ஆசிரியப் பணியில் நெடுங்காலம் இருந்த எனக்கு இது நன்கு தெரிந்த செய்தி. ‘பல் வலி’ என்று விடுப்புக் கேட்டு வந்த சிறுவர் பலருடைய தந்தையர், ‘அது விழுந்து வேறு பல் முளைக்கும், ஐயா’ என்று நம்பிக்கையோடு சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பல் விழுந்தால் வேறு முளைக்காது. அறுபது எழுபது ஆண்டுகள் உழைக்க வந்த பல்லைச் சிலர் பத்தாம் வயதிலேயே பிடுங்கி எறிந்துவிடுகின்றனர்.

சொத்தை மிக எளிதில் பற்றுவதும் இந்தப் பல்லைத்தான். புதிதாய் முளைத்த எனாமல் முழுமையாக உரம் பெற்றிராது. ஈறைத் துளைத்துக்கொண்டு தலைகாட்டிய நாள் முதல் எதிர்ப்பல்லைத் தொடும் உயரத்துக்கு வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அது முன்னுள்ள பல்லைவிடத் தாழ்ந்து நிற்கும். துலக்கி அதன் தலைக்கு மேலாகவே போய்விடும். துலக்கும் கையோ ஆறு வயதுச் சிறுகை! மெல்லும் பரப்பில் வெடிப்புகளும் ஆழமானவை. இத்தனை காரணங்களும் ஒருங்கே கூடுவதால் அந்தப் பல் முதலில் விழுகிறது. பன்னிரண்டாம் வயதில் அதன் பின்னே முளைக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கும் இதே கதைதான். ஆதலின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

இருபதாம் வயதை அணுகும்போது சொத்தையின் போக்கு மாறுகிறது. வெடிப்புகளிலிருந்து பல்லிடுக்குகளுக்கு அது நகர்கிறது. ஞானப்பல் சாய்ந்து முளைத்தால், அதன் முன்னுள்ள பல்லின் பின்பக்கம் ஒளிந்த பள்ளமாகி அங்கேயும் சொத்தை விழும். நடுவயது கடந்தபின் ஈறு பின்வாங்குகிறது. இதுகாறும் மறைந்திருந்த வேர் வெளிப்படுகிறது. வேருக்கு எனாமல் காப்பு இல்லை. எனாமலைக் கரைக்கப் போதாத மெல்லிய அமிலமே வேரைக் கரைத்துவிடும். முதியோர் உண்ணும் மருந்துகள் பல, உமிழ்நீரைக் குறைத்து நாவை உலரச் செய்வதும் உண்டு. ஆதலால் குழந்தைப் பருவத்தில் வெடிப்பில் தொடங்கிய சொத்தை, முதுமையில் வேரில் வந்து நிற்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் பல்லையும் பேணுதற்கு இதுவே காரணம்.

இந்த ஒழுங்கு என்றும் இப்படியே இருந்ததா? இல்லை. இதற்கு ஓர் அரிய சான்று இங்கிலாந்தில் கிடைத்துள்ளது. பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த மண்டையோடுகளின் பற்களை மூர், கார்பெட் என்னும் இருவர் 1970-களில் ஒப்பிட்டு ஆராய்ந்து எழுதினர். பண்டைக்கால ஆங்கிலேயரின் பற்களில் சொத்தை குறைவு; இருந்த சொத்தையும் பெரும்பாலும் வளர்ந்தோருக்கு, பல்லின் கழுத்துப் பகுதியில் இருந்தது. கரடுமுரடான உணவு அவர்களுடைய பற்களைத் தேய்த்து, வெடிப்புகளையே வழித்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலோ நிலைமை தலைகீழாயிற்று. ஆலையில் நயமாக அரைத்த மாவு வந்தது. மலிவான சர்க்கரை வந்தது. 1874-இல் பிரிட்டனில் சர்க்கரை வரியும் நீக்கப்பட்டது. சொத்தை பெருகியது, அது மட்டுமன்று, இடமும் மாறியது. முதியோரின் பற்கழுத்தை விட்டு இளையோரின் வெடிப்புக்கும் இடுக்குக்கும் குடிபெயர்ந்தது. ஒரு நாட்டின் வாணிப வரலாறு அந்நாட்டுப் பிள்ளைகளின் கடைவாயில் எழுதப்பட்டிருப்பது வியப்பன்றோ!

சர்க்கரையின் அளவு பெரிதா, அதை உண்ணும் முறை பெரிதா? இதற்கு விடை தந்தது சுவீடன் நாட்டில் லுண்ட் நகரில் இருந்த விப்பெஹோல்ம் என்னும் நிலையம். மனவளர்ச்சி குன்றியோர் தங்கியிருந்த அந்நிலையத்தில் 1940-களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 1954-இல் வெளிவந்தன. உணவோடு சேர்த்துச் சர்க்கரை உண்டவர்களுக்குச் சொத்தை சிறிதே மிகுந்தது. உணவு வேளைகளுக்கு இடையே, பல்லில் ஒட்டும் டாஃபி மிட்டாயை அடிக்கடி தின்றவர்களுக்கோ மிகப் பெரிதும் பெருகிற்று. மிட்டாயை நிறுத்தியதும் அந்த வேகம் தணிந்தது. பல் மருத்துவ உலகுக்கு இது பெரும் பாடம். ஆயினும் அந்தப் பாடத்தின் விலையையும் நாம் மறத்தலாகாது. வேண்டும், வேண்டா என்று சொல்லும் ஆற்றலற்ற மக்களின் பற்களை வேண்டுமென்றே பழுதாக்கிப் பெற்ற அறிவு அது. மனிதரை ஆய்வுக்கு உட்படுத்த அவருடைய மனமுவந்த இசைவு வேண்டும் என்ற நியதி நூரம்பெர்க் நகரில் 1947-இலேயே எடுத்துரைக்கப்பட்டது. நாளை விஞ்ஞானிகளாக விளங்கப் போகும் நீங்கள், ஓர் உண்மையின் பயனோடு அது பெறப்பட்ட வழியையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சொத்தைக்கு எதிரான பெருந்துணை ஒன்றும் வேறொரு புதிரிலிருந்தே கிட்டியது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் பலருடைய பற்களில் பழுப்புக் கறை இருப்பதை ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901-ஆம் ஆண்டு முதல் கவனித்து வந்தார். கறை படிந்த அப்பற்களில் சொத்தை மட்டும் அரிதாக இருந்தது! குடிநீரிலுள்ள புளோரைடு என்னும் உப்பே காரணம் என்பது 1931-இல் வெளிப்பட்டது. லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் இருந்தால் கறையும் பெரிதாக வராது, சொத்தையும் குறையும் என்று டிரெண்ட்லி டீன் என்பார் கண்டார். 1945 ஜனவரி 25-ஆம் நாள் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் தன் குடிநீரில் இவ்வளவில் புளோரைடைச் சேர்க்கத் தொடங்கியது. அதன்பின் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொத்தை நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் குறைந்தது. புளோரைடு, பல்லின் வழவழப்பான பக்கங்களைக் காப்பதில் வல்லது. வெடிப்புகளைக் காப்பதில் அத்துணை வல்லதன்று. ஆதலால், சொத்தை குறைந்த நாடுகளில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் கடைவாய்ப்பல்லின் வெடிப்புச் சொத்தையே.

ஆனால் அமெரிக்காவுக்கு நன்றாகிய ஒன்றை நாம் கண்மூடி ஏற்றல் ஆகாது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில், குடிநீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாழாவதை 1937-இல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரிலும் இவ்வுப்பு மிகுதி. அதன் பொருட்டே காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் அமைந்தது. அளவோடு இருந்தால் மருந்து, அளவு மிஞ்சினால் நோய் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இனிக் கணக்குப் பயிலும் மாணவர்க்கு ஒரு செய்தி. ஓர் ஊரின் பல்நலத்தை எப்படி அளப்பது? 1938-இல் கிளைன், பால்மர், நட்சன் என்னும் மூவர் ஒரு முறை வகுத்தனர். ஒருவருக்குச் சொத்தையான பற்கள், சொத்தையால் இழந்த பற்கள், அடைக்கப்பட்ட பற்கள் ஆகிய மூன்றையும் கூட்டுவதே அது. உலகெங்கும் 12 வயதுச் சிறுவரைக் கொண்டு நாடுகளை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் சராசரி நம்மை ஏமாற்றவும் கூடும். நாற்பது பேர் கொண்ட வகுப்பில் மொத்தம் நாற்பது சொத்தைப் பற்கள் என்க. சராசரி ஆளுக்கு ஒன்று. ‘பாதகமில்லை’ என்போம். உள்ளே நோக்கினால், முப்பது பேருக்கு ஒன்றும் இராது; பத்துப் பேருக்கு நான்கு நான்காக இருக்கலாம். அந்தப் பத்துப் பேர் யார்? பெரும்பாலும் மருத்துவரிடம் போக வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள். இரவெல்லாம் வலியால் உறங்காமல், காலையில் வகுப்பில் கன்னத்தில் கைவைத்து அமர்ந்திருப்பவர்கள். பாடத்தில் கருத்தில்லை என்று அவர்களைக் கடிவதற்கு முன், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நலம். உலகில் பாற்பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் ஏறத்தாழ 51 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் மதிப்பிட்டது. அந்தப் பேரெண்ணின் ஒரு பகுதி நம் வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கிறது.

நாம் செய்யத் தக்கது யாது? சொத்தையின் வழி தெரிந்துவிட்டதால், செய்ய வேண்டியதும் தெளிவு. இனிப்பு உண்பதாயின் உணவோடு உண்ணுங்கள். ஒரு லட்டை ஒரே வேளையில் தின்பதைவிட, அதனை எட்டாகப் பிட்டு நாள் முழுதும் தின்பது பல்லுக்குக் கேடு. ஒவ்வொரு முறையும் அமிலம் புதிதாகப் பிறக்கும். சர்க்கரையாயினும் வெல்லமாயினும் கிருமிக்கு ஒன்றே. இரவு துலக்கியபின் தண்ணீரன்றி வேறொன்றும் வாயில் படலாகாது. உமிழ்நீர் ஓய்வெடுக்கும் நேரம் அது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு நாள் தவறாது பல் விளக்கிய நம் முன்னோரின் ஒழுக்கம் போற்றத் தக்கது. அதனோடு இக்காலத்துப் புளோரைடுப் பசையும் சேர்ந்தால் காவல் வலுப்பெறும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவும், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதும். குழந்தை அதனை விழுங்காது உமிழப் பழக்க வேண்டும். கடைவாயில் புதிதாய் முளைத்த பல்லைத் துலக்கியைக் குறுக்கே நீட்டித் தனியாகத் துலக்க வேண்டும். அதன் வெடிப்புகளை மெல்லிய பூச்சால் மூடும் முறை ஒன்று பல் மருத்துவரிடம் உண்டு; துளையிடுவதும் இல்லை, வலியும் இல்லை. குழி விழுவதற்கு முன் எனாமலில் சுண்ணாம்பு போன்ற ஒரு வெண்புள்ளி தோன்றும். அந்த நிலையில் கவனித்தால் பல் தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். குழி விழுந்துவிட்டாலோ திரும்ப வளராது.

உங்கள் இல்லத்தில் ஆறேழு வயதுத் தம்பியோ தங்கையோ இருப்பின், இன்று மாலை வெளிச்சத்தில் அழைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். நடுவிலிருந்து ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். ஆறாவதாக ஒரு பெரிய பல் தலைகாட்டியிருந்தால், அது விழுந்து முளைக்கும் பல் அன்று, வாழ்நாள் முழுதுக்கும் உரிய பல் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். அந்தச் சிறுகை பழகும் வரை நீங்களே அதனைத் துலக்கிவிடுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் தொண்டுகளில் இதுவும் ஒன்று.